அமலி அக்காவின் முதல் ஸ்லைடு

செய்தியைச் சொன்னவர் எங்களோடு வேலை பார்த்த சேகர் அண்ணன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அமலி போயிடுச்சும்மா" என்றார். சிறிது நேரத்தில் ஒரு படம் அனுப்பினார். திண்டிவனத்தில் அக்கா வீட்டு வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் இருந்த முகம் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் அகன்று, நெற்றி தட்டையாகி, யாரோ தூரத்து உறவுக்காரப் பெண் போல இருந்தது. பெயரைப் படித்த பிறகுதான் புரிந்தது. சிறிய படம் ஒன்றை எடுத்து, பேனரின் அகலத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

அமலி அக்கா என்கிற அமலோற்பவ மேரியோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் படம் எப்படி உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படி இழுக்கப்பட்ட படங்களோடு சண்டை போடுவதே அவருக்குப் பாதி வேலையாக இருந்தது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நாங்கள் வேலை பார்த்தது விழுப்புரத்தில் ஒரு சிறிய உழவர் பயிற்சி மையம். ஆட்கள் வயலிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஊருக்குள் போய், பயிர் வேலைகளைப் படம் போட்டு விளக்குவோம். அக்கா 1993இல் அங்கே சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. பிலிம் ஸ்லைடுகளைச் சட்டத்தில் பொருத்தி, புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதுதான் அவருடைய முதல் வேலை. அந்தக் காலத்துத் துணித் திரை சதுரமாக இருந்ததாம். படுக்கைவாட்டில் எடுத்த படத்துக்கும் இடம் இருந்தது, நெட்டுக்குத்தாக எடுத்த படத்துக்கும் இடம் இருந்தது. "அந்தத் துணி யாரையும் இழுக்காது, யாரையும் அமுக்காது" என்பார். அதற்குப் பிறகு வந்த எந்தத் திரையைப் பற்றியும் அவர் இவ்வளவு நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்தபோது எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. விளக்க வரிகளை நான் எழுதுவேன். படங்களை வரைந்து, அவற்றை நகர வைப்பது அக்கா. நாற்று வளரும், மழை பெய்யும், புழு இலையைத் தின்றுகொண்டே போகும். என் வரிகளில் முக்கால்வாசியை அவர் வெட்டிவிடுவார். "நீ எழுதறதுக்கு டிவி பத்தாதுடி, தியேட்டர் கட்டினாத்தான் உண்டு. படம் சொல்லட்டும், நீ சும்மா இரு." நான் பஸ்ஸில் புத்தகம் படிப்பதையும் விடமாட்டார். இறங்கும் இடம் வந்தால், "மேடம், படிச்சது போதும், ஊரு வந்துடுச்சி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

வானூர் பக்கத்தில் ஒரு கூட்டம். மல்லாட்டை என்கிற நிலக்கடலையைத் தாக்கும் கம்பளிப்புழு பற்றிய படம். ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்து இலையில் உட்கார்ந்து முட்டையிட வேண்டும். அங்கே இருந்த திரை அகலமானது. கூட்டம் நடத்தியவர்கள் நல்லது செய்வதாக நினைத்து, எங்கள் ஸ்லைடுகளை அந்த அளவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். பூச்சி பறந்து வந்தது, இலையைத் தாண்டியது, வெறும் வெளியில் போய் உட்கார்ந்து முட்டையிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "அந்தாண்ட போயி யாரு காணில முட்ட வுடுது?" "உன் பங்காளி காணிலதான்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அன்றைக்குப் புழுவைப் பற்றி யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது அக்கா சிரிக்கவில்லை. பூச்சி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் திரையின் அகலத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, திரை அகலமானால் பூச்சியும் தூரமாகப் போகும், இலை மட்டும் போட்ட இடத்திலேயே நிற்கும் என்று விளக்கினார். பிறகு சொன்னதுதான் நாங்கள் எல்லோரும் அவர் சொன்னதாக அடிக்கடி சொல்லிக்கொள்வது: "ஜனங்ககிட்ட தெரியுதா தெரியுதான்னு கேக்கறோம். தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. இன்னா தெரியுதுன்னு கேக்கணும்."

அதிலிருந்து அவர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு வடிவத்தில் செய்தார். பழைய திரைக்கு ஒன்று, அகலத் திரைக்கு ஒன்று. இழுத்துச் செய்வதில்லை. மரத்தைத் தள்ளி வைத்து, பூச்சிக்குப் புது வழி போட்டு, முதலிலிருந்து அடுக்குவார். எந்த ஊரில் எந்தத் திரை இருக்கும் என்று தெரியாததால், எல்லாப் படங்களுக்கும் முதல் ஸ்லைடாக ஒரு வட்டம் வைத்தார். வெள்ளையில் ஒரு கறுப்பு வட்டம், வேறொன்றும் இல்லை. அது முட்டையாகத் தெரிந்தால் படத்தைத் தொடங்கக் கூடாது. திரையின் அமைப்பை மாற்றி, வட்டம் வட்டமான பிறகுதான் அடுத்த ஸ்லைடு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும் என்பது அவர் கட்சி.

மையத்துக்குப் பெரிய அகல டிவி வாங்கியபோது பழைய படங்களைப் போடும்போது விழுந்த அந்தக் கறுப்புப் பட்டை இயக்குநர் சாருக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ பெரிய டிவி வாங்கினது ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்க வுடறதுக்காம்மா?" என்றார். அக்கா, "ஜன்னல் பெருசா இருக்குன்னு எட்டிப் பாக்கற ஆள இழுத்து அகலமாக்க முடியுமா சார்?" என்றார். சார் சிரித்தார். ஆனால் ரிமோட்டில் படத்தைத் திரை முழுவதும் பரப்பும் பட்டன் எது என்று சேகர் அண்ணனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சேகர் அண்ணன் எங்கள் வண்டியின் டிரைவர். ஊர்களுக்குப் போய் டிவியை இறக்கி, படம் போடுவதும் அவர்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒற்றை நாற்றுச் சதுர நடவு பற்றிய படம் தயாரானது. மேலிருந்து பார்க்கும் வயல். கயிறுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் விழும். அவை சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு நாற்றாக வந்து நிற்கும். நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே இடைவெளி இருந்தால்தான் களை எடுக்கும் உருளைக் கருவியை இரண்டு திசையிலும் தள்ள முடியும். இடைவெளியை நான் எழுத்தில் போட்டிருந்தேன். அக்கா அதை எடுத்துவிட்டார். படமே சொல்கிறதே என்றார். பழைய திரைக்கான வடிவம் மட்டும் முடிந்திருந்தது. மண்டகப்பட்டுக்கு அடுத்த ஓர் ஊரில் நடவு நெருங்கிவிட்டதால், சேகர் அண்ணன் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஊரில் தனலட்சுமி என்று ஒருவர். கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன அரைக்காணியைத் தானே பயிர் செய்வது என்று நின்றவர். கணவரின் அண்ணனுக்கு அதில் சம்மதம் இல்லை. இந்த ஒரு போகம் பார்ப்பேன், சரிப்படவில்லை என்றால் அந்த நிலத்தையும் என்னுடையதோடு சேர்த்து நானே உழுதுகொள்வேன் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். அந்த ஒரு போகத்தில்தான் தனலட்சுமி எங்கள் பேச்சை நம்பிச் சதுர நடவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சேகர் அண்ணன் அலுவலகத்துக்கு வந்ததும் அக்கா வழக்கம்போலக் கேட்டார், என்ன தெரிந்தது என்று. "ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் நெறைவா இருந்துச்சி. கறுப்பே இல்ல" என்றார் அவர், சந்தோஷமாக.

"வட்டம்?"

சேகர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஜனங்க காத்துக்கினு இருந்தாங்க. வட்டத்த தாண்டிட்டேன்."

அக்கா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தனலட்சுமி இன்னிக்குத்தான் நடுது. வண்டிய எடு, ஜல்தி" என்றார். என்னையும் வரச் சொன்னார்.

நாங்கள் போனபோது நாற்று முடிச்சுகள் வரப்பில் இருந்தன. நடவுப் பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தனலட்சுமி வயலுக்குக் கயிறு கட்டி முடித்திருந்தார். கயிற்றில் நாற்று வைக்க வேண்டிய இடங்களில் பழைய புடவைத் துணியைக் கிழித்து முடிந்திருந்தார். அக்கா குனிந்து சாண் வைத்துப் பார்த்தார். ஒரு திசையில் ஒரு சாண். மறு திசையில் அதைவிடக் கால் சாண் அதிகம். "படத்துல பாத்தபடியே கட்டினேங்க" என்றார் தனலட்சுமி. அவர் சொன்னது உண்மை. முந்திய நாள் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் அளவுக்குக் கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கவனமே அவரைத் தவறான அளவுக்குக் கொண்டுபோயிருந்தது. அப்படியே நட்டால், கருவி ஓடும்போது அகலமான சந்துகளில் களை ஒரு பட்டையாக நின்றுவிடும். ஒற்றை நாற்று நட்ட வயல் முதலில் மொட்டையாகத்தான் தெரியும். அதோடு களையும் நின்றால், கணவரின் அண்ணன் காத்துக்கொண்டிருந்த காரணம் அவர் கைக்கு வந்துவிடும்.

அவரும் வரப்பில்தான் நின்றிருந்தார். அக்கா கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்றதும், "நேத்து ஒன்னு காட்டிக்கினு போனீங்க, இன்னிக்கு ஒன்னு சொல்றீங்க. எதும்மா நெசம்?" என்றார். நடவுப் பெண்கள் சிரித்தார்கள். தனலட்சுமி யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "நேத்து காட்டினது தப்புங்க. எங்க தப்பு. டிவி படத்த அகலமா இழுத்துடுச்சி. இந்தப் பொண்ணு பாத்தது சரியாத்தான் பாத்திருக்குது" என்றார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, வெயில் படாமல் என்னைத் துப்பட்டாவைப் பிடிக்கச் சொல்லி, முதல் ஸ்லைடைப் போட்டார். தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி, திரையில் இருந்த வட்டத்துக்கு முன்னால் பிடித்தார். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தியதும் வளையலும் வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. "நேத்து இது முட்டையாட்டம் இருந்திருக்கும். இப்ப பாருங்க" என்று அடுத்து வயலைக் காட்டினார். கணவரின் அண்ணனும் குனிந்து பார்த்தார். தனலட்சுமி சேற்றில் இறங்கி, துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். நடவுப் பெண்களில் இரண்டு பேர் எழுந்து போய்க் கூட அவிழ்த்தார்கள். "ஆவட்டும்" என்றார் கணவரின் அண்ணன், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அக்கா என்னிடம், "உன் வரிய திருப்பிப் போட்டுடறேன். படம் பொய் சொன்னா எழுத்தாவது நிக்கட்டும்" என்றார். அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். சேகர் அண்ணனை அவர் திட்டவே இல்லை. அதுதான் தனக்குப் பேஜாராக இருந்ததாக அண்ணன் பின்னால் சொன்னார்.

களை எடுக்கும் நேரத்தில் போயிருந்தோம். கணவரின் அண்ணன் உருளைக் கருவியைத் தனலட்சுமியிடமிருந்து வாங்கி, வேண்டுமென்றே குறுக்கே தள்ளிப் பார்த்தார். கடைசி வரைக்கும் ஓடியது. திரும்பி வந்து கருவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த போகமும் அந்த நிலத்தைத் தனலட்சுமிதான் பயிர் செய்தார், அதற்கடுத்ததும். ஒருநாள் அந்த மனிதர் எங்கள் மையத்துக்கே வந்து, "எங்க தம்பி பொண்டாட்டி வச்சிக்கினு இருக்குதே, அந்த மாதிரி ஒன்னு" என்று கருவி கேட்டார். அக்கா முகத்தை மாற்றாமல் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். நான் திண்டிவனம் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் இன்னும் மெலிந்திருப்பார். நான் பேச்சுக்குத் தடுமாறுவதைப் பார்த்து அவரே சொன்னார்: "அகலப் படத்த பழைய டிவில போட்டா ரெண்டு பக்கமும் அமுக்கிக் காட்டுமே, அந்த மாதிரி ஆயிட்டேன் இல்ல?" அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அடக்கத்தன்று சேகர் அண்ணனும் நானும் அந்தப் பேனருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். இதைப் பார்த்தால் அமலி நம்மைச் சும்மா விடுமா, கடைக்குப் போய் வேறு அடித்து வாங்கிவருகிறேன் என்று அவர் கிளம்பினார். அக்காவின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். அம்மா பேனரைப் பார்த்தபடியே சொன்னார்: "இதுலதாம்பா எம் பொண்ணு பழையபடி இருக்குது. மாத்தாதீங்க." அக்கா மெலிந்த பிறகு எடுத்த படம் அது, இழுத்ததில் கன்னம் நிறைந்து தெரிந்தது. நாங்கள் மாற்றவில்லை.

சர்ச்சில் நடந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, அங்கிருந்த பங்கு மண்டபத்தில் அக்காவின் புகைப்படங்களைச் சுவரில் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருடைய தம்பி மகள் தொகுத்திருந்தாள். படம் தொடங்கும் முன் சேகர் அண்ணன் எழுந்து போய், அந்தப் பெண்ணிடம் கேட்டு, தன் பென் டிரைவைச் செருகினார். சுவரில் ஒரு கறுப்பு முட்டை வந்தது. "இன்னாது இது?" என்று யாரோ கேட்டார்கள். அவர் புரொஜெக்டரோடு பொறுமையாக மல்லுக்கட்டினார். முட்டை மெல்ல ஒடுங்கி வட்டமானது. அதற்குப் பிறகுதான் படங்கள் வந்தன. சிறுமியாக முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை உடுத்திய அமலி, சதுரத் திரைக்குப் பக்கத்தில் நிற்கும் அமலி, வரப்பில் உட்கார்ந்திருக்கும் அமலி. எல்லாவற்றிலும் அவர் அவராகவே இருந்தார்.

கடைசியாக அந்தப் பேனர் படம் வந்தது, இழுத்த முகத்தோடு. சேகர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைச் சரி செய்வது அவருக்கு ஒரு நிமிட வேலை. முன்வரிசையில் அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, அந்த ஒரு படத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே என்ன தெரிகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் தலையசைத்தேன். சேகர் அண்ணன் புரொஜெக்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்மா போதும் என்று சொல்லும் வரை அந்தப் படம் சுவரில் அப்படியே இருந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த முதல் ஸ்லைடை. எந்த ஊரில், எந்தத் திரைக்கு முன்னால் நின்றாலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அதற்கு அடுத்த ஸ்லைடாக, யாருக்கும் காட்டாமல், அந்தப் பேனர் படத்தையும் வைத்திருக்கிறேன். அதைச் சரி செய்யவில்லை.