ஓமனாவின் வாசல்

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் வைத்த இரண்டு செங்கல்லுக்கு நடுவே கால் வைத்து ஓமனா வீட்டுக்குள் நுழைகிறாள். வீடென்றால் எட்டுத் தூணும் மேலே ஒரு காங்கிரீட் தளமும் பாதியில் நிற்கும் படிக்கட்டும்தான். சுவர் ஒன்றுகூட எழும்பவில்லை. எந்தப் பக்கமும் நுழையலாம். அவள் வாசல் வழியாகத்தான் போவாள். தரையில் செங்கல்லால் கீறிய கோடுகள்தான் அவளுக்குச் சுவர். மழையில் அழிந்தால் மறுநாளே மறுபடி கீறிவிடுவாள்.

அடுக்களைக் கோட்டுக்குள் உட்கார்ந்து ஏத்தன் வாழைக்காய் சீவுவாள். மார்த்தாண்டத்தில் நாலு கடைக்கு அவள் கைச் சிப்ஸ்தான். வறுப்பது எதிரே வாடகை வீட்டில், சீவுவது இங்கே. கேட்டால், "இதுல்லா சொந்த அடுக்கள மக்கா" என்பாள்.

பால் கொண்டுவரும் பூங்கனி ஒருநாள் குறுக்கே நடந்துவிட்டாள். "ஏட்டி, பெட்ரூம் செவரு வழியா கேறி வாறியா? வாசல் அங்ஙன இருக்குல்லா." பூங்கனி சிரித்துக்கொண்டே சுற்றிவந்தாள். பில்டர் குமாரதாஸையும் ஓமனா விட்டதில்லை. வேலை நடந்த காலத்தில் ஒருநாளைக்கு நாலு தடவை அவரைத் திருப்பியனுப்பி, செருப்பைக் கழற்றவைத்துத்தான் உள்ளே விட்டாள்.

நிலம் பதினாறு சென்ட், ஓமனாவுடையது, கட்டுகிறவர் குமாரதாஸ். அடுக்குமாடியின் எட்டு வீட்டில் மூன்று அவளுக்கு என்று 2010இல் ஒப்பந்தம். எந்த மூன்று என்று பத்திரத்தில் இல்லை. கீழே தெற்கு வீடு உங்களுக்கு என்று குமாரதாஸே செங்கல்லை எடுத்து முதல் கோட்டைக் கீறிக் காட்டினார். அதுவே போதுமென்று இருந்துவிட்டாள், வெள்ளந்தி. துபாய்க்காரர் ஒருவர் கீழ்வீட்டைக் கேட்டதும், உங்கள் மூன்றும் மாடியில்தான் என்று குமாரதாஸ் பேச்சை மாற்றினார். குழித்துறைக் கோர்ட்டில் கேஸ் போட்டாள், வேலை நின்றது.

இரண்டு வருஷமாக வாய்தாதான். "கேஸு நடக்கட்டும் பிள்ளே, நான் அதுவரைக்கும் குடியிருக்கேன்" என்று வக்கீல் சுபிதாவிடம் ஒரு பொட்டலம் சிப்ஸை நீட்டுவாள். அந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போது மட்டும் பயம் வரும். முட்டுவலியோடு ஏத்தங்காய்க் குலையை எப்படி மாடிக்குத் தூக்குவது?

போன வாரம் கோர்ட் அனுப்பிய கமிஷனர் யேசுரத்தினம் இடம் பார்க்க வந்தார். ஷூவோடு நேரே பெட்ரூமுக்குள் போய் நின்று குறிப்பெழுதினார். கோர்ட் ஆளாயிற்றே என்று ஓமனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குமாரதாஸ் ரோட்டில் நின்றபடி, "வெறும் தூணுதான் சார் இருக்கு. அக்காவுக்கு இன்ன வீடுன்னு நான் எங்கயும் காட்டல்ல" என்றார்.

"எந்தத் தூணு வரைக்கும் தெற்கு வீடு? இங்க வந்து காட்டும்" என்றார் கமிஷனர்.

குமாரதாஸ் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இரண்டு செங்கல் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். நடுவே கால் வைத்து உள்ளே வந்து, அடுக்களைக் கோட்டை மிதிக்காமல் விலகி, தூணைக் காட்டினார்.

கமிஷனரின் பேனா நின்றது. அந்தச் செருப்பைப் பார்த்தார், ஓமனாவைப் பார்த்தார். பிறகு வெளியே போய், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வாசல் வழியாக உள்ளே வந்தார்.