ட்ராஷில் இருந்த கோகிலவாணி

நிசார் அகமது அரூர்க்காரன். பதினோரு வருடமாகக் கம்பைநல்லூர் சாலையில் இருக்கும் மாம்பழக்கூழ் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவன்தான், மெயில் வராவிட்டாலும் அவன்தான். இதுவரை யாருடைய ஒரு வரியையும் தொலைத்ததில்லை. அந்த ஏழைக்கு இருந்த ஒரே கர்வம் அது.

மாங்காய் சீசன் முடிந்ததும் பழைய மெயில் சர்வரை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறச் சொன்னார்கள். அறுபத்து மூன்று பேரின் மெயில்களையும் மாற்றினான். அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று எண்ணிச் சரிபார்த்து டிக் அடித்தான். ஸ்பாம், ட்ராஷ் இரண்டையும் மட்டும் விட்டுவிட்டான். வேண்டாமென்று அழித்ததை எதற்குச் சுமப்பது? 'குறை இருந்தால் பத்து நாளில் சொல்லுங்கள், அப்புறம் பழைய சர்வரை அழித்துவிடுவேன்' என்று எல்லோருக்கும் மெயில் போட்டான். சொன்னபடி அழித்தும் விட்டான்.

சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் சுகுணா அப்போது ஆபரேஷன் முடிந்து மொரப்பூரில் படுத்திருந்தாள். ஆபீசைத் தவிர வேறெங்கும் அவள் மெயில் பார்ப்பதில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் வந்தாள்.

"ஏம்ப்பா நிசாரு, எங்க பொட்டியெல்லாம் தூக்கிட்டுப் போனியாமே. எதையும் வழியில போட்டுடலியே?"

"ஒரு துரும்பு விடலைங்க்கா."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது.

"தம்பி, இந்த ட்ராஷ்ல ஒன்னுமே இல்லையே?"

"அது குப்பைதானுங்க்கா?"

"எம்புள்ள இருந்தாப்பா அதுல!"

ஒரே மகள் கோகிலவாணி மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள். போனில் பேசினால் அம்மா அழுகிறாள் என்று, ஞாயிறுதோறும் ஆபீஸ் மெயிலுக்கு நீளமாக எழுதுவாள். திங்கட்கிழமை காலையில் சுகுணா படிப்பாள். மூன்று வருடக் கடிதங்கள். பிறகு அங்கேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கடிதம் படிக்காமல் அந்தத் தாய் எழுந்ததில்லை.

பெட்டி அடிக்கடி நிரம்பிவிடும். ட்ராஷில் போட்டால் இடக்கணக்கில் சேராது, தானாக அழியவும் அழியாது என்று நிசாருக்கு முன்பிருந்த ஆள் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார். மகளை அங்கே பத்திரமாக வைத்திருந்தாள்.

நிசார் பழைய சர்வரைப் போய்ப் பார்த்தான். அழித்த டிஸ்கில் வேறு எதையெதையோ எழுதியாகிவிட்டது; பழையதை இனி மீட்க முடியாது. சட்டென்று ஒரு நினைப்பு. "அக்கா, நீங்க எழுதின பதிலெல்லாம் சென்ட்ல வந்திருக்குங்க. பதிலுக்குக் கீழ அவங்க எழுதினதும் சேர்ந்து இருக்கும்!"

திறந்தான். நூற்று நாற்பது பதில்கள். சுகுணா ஒவ்வொரு முறையும் புது மெயிலாகத்தான் எழுதியிருந்தாள். கீழே எதுவும் இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்க்கா" என்றான். சுகுணா திரையில் இருந்த தன் பதிலை விரலால் தொட்டுப் படித்தாள்.

'ஆமாம் கண்ணு, முருங்கைக்காய்தான் போட்டேன்.'

"சாம்பார்ல என்ன போட்டேன்னு கேட்டிருக்கா" என்றாள். அடுத்ததற்கும் அவளுக்குக் கேள்வி தெரிந்தது. அதற்கடுத்ததில் நின்றுவிட்டாள்.

'அம்மாவுக்கு வேண்டாம் கண்ணு. நீயே வச்சுக்கோ.'

திரும்பத் திரும்பப் படித்தாள். சேலைத் தலைப்பு நனைந்துகொண்டே இருந்தது.

"எம்புள்ள எனக்கு என்னமோ குடுக்கறேன்னிருக்கா தம்பி. எதை நான் வேணாம்னேன்?"