அத்தை செத்த காட்சி

என் அத்தை சாவதை நான் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். பாம்பு கடித்து ஒரு தடவை, மருமகள் விஷம் வைத்து ஒரு தடவை, கதாநாயகன் திருந்த வேண்டுமே என்பதற்காக லாரியில் அடிபட்டு ஒரு தடவை. எழுபதைத் தாண்டி, இன்றைக்கும் சென்னையில் ஏதோ ஒரு சீரியலில் மருமகளை விரட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆயுசு கெட்டி. நேரில் நின்று பார்த்த சாவு ஒன்றே ஒன்று. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. தாவணி போட்ட வயதிலேயே ராஜபாளையத்து வீட்டைவிட்டுப் போய் நாடக செட்டில் சேர்ந்தவள். வத்திராயிருப்பு, மகாராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் அவள் ஏறாத கோயில் மேடை இல்லை. ராணி வேஷம் கட்டிப் பாட ஆரம்பித்தால், மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். அந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது, ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒவ்வொரு ஊரிலிருந்து ஆள் வருவார்கள். எதிரே நிற்கும் நடிகர் எந்த ஊரோ என்ன பேரோ, மேடையில்தான் முதன்முதலில் முகம் பார்ப்பாள். அவர் பேச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் மடக்கிவிடுவாள். அந்த வாய் அவளைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது. நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, அப்புறம் அம்மா, மாமியார்.

அப்பாவுக்கு இதில் ஒரு பெருமையும் இல்லை. அவள் செட்டில் சேர்ந்த அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். வாய்வார்த்தைக்கு இல்லை, நிஜமாகவே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டாராம். டிவியில் அத்தை முகம் தெரிந்தால் எழுந்து புழக்கடைக்குப் போய்விடுவார். சீரியல் முடிந்ததும் வந்து, "அந்தப் பொம்பள என்ன ஆனா?" என்று அம்மாவிடம் கேட்பார். அண்ணன் தங்கை உறவு அந்த அளவில் நின்றது.

அந்த வருஷம் அத்தை நடித்த படம் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டில் வைத்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினாள் அத்தை. "மதினி, அண்ணன ஒரு தடவ கூட்டியாங்க. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போனாக்கூடப் போதும்" என்று அழுதிருக்கிறாள். அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்துவிட்டார். மில் யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவும் நானும் மட்டும் பஸ் ஏறினோம்.

அத்தைக்கு அன்று ஒரு வசனம்கூட இல்லை. பிணமாகப் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் வாசல் பந்தலில் மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியபோது தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. இமை அசையவில்லை. "எம்புட்டுத் தத்ரூபமாக் கெடக்கா பாரு!" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் அத்தையைப் பார்க்காமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கோடி போர்த்தும் காட்சி. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும், அதை அண்ணன் தம்பிதான் போர்த்த வேண்டும். அண்ணனாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் தட்டோடு வந்து, சேலையை விரித்துக் குனிந்தார்.

"ஏலே, நிறுத்துலே!"

மில் யூனிபாரத்தோடு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் அப்பா. எப்போது வந்தார், யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார், தெரியாது. சேலையைப் பிடுங்கி வீசினார்.

"யாருலே நீ? அவளுக்கு அண்ணன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கேன். உசுரோட இருக்குற புள்ளைக்குக் கோடி போடுதியோ?"

அந்த நடிகர் மிரண்டு டைரக்டரைப் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மண்டியிட்டு அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, எந்திரிட்டி. அண்ணன் வந்திருக்கேன். எந்திரி தாயி."

அத்தை எழவில்லை. கட் சொல்லும்வரை பிணம் பிணம்தான். நெற்றிக் காசு உருண்டு விழுந்தது, அப்பாவின் கண்ணீர் அவள் கன்னத்தில் சொட்டியது, அப்போதும் அந்த இமை அசையவில்லை. அடேயப்பா, அப்படி ஒரு நடிப்பை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. டைரக்டருக்கே கட் சொல்ல நாக்கு எழக் கொஞ்ச நேரம் ஆனது. நல்ல மனுஷர், யாரையும் திட்டவில்லை. கோடிக் காட்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். படத்தில் வராது, ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். சினிமாக்காரர்களின் திருஷ்டி கழிப்பு அது.

"சிரிங்கம்மா" என்றார்கள். அத்தை வாயைத் திறந்தாள். பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ கோமாளித்தனம் செய்துகூடக் காட்டினார்கள். அப்பா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சிரிட்டி, அவிய சொல்லுதாகல்ல" என்றார். அவ்வளவுதான், ஓவென்று கத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் பூசணிக்காயை மட்டும் உடைத்துவிட்டு விளக்குகளை அணைத்தார்கள்.

எனக்கு மானமே போய்விட்டது. ஊர் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறது, எத்தனையோ மேடை ஏறியவள், சும்மா பல்லைக் காட்டுகிற வேஷத்தில் போய்த் தோற்றுவிட்டாளே! அத்தைக்குச் சிரிக்கத் தெரியாதா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "வாய மூடுட்டி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், அத்தை பிரமாதமாகச் சிரித்தாள் என்று சொல்லிவைத்தேன். பாவம், அவள் பேர் கெட்டுவிடக் கூடாதே.