பிராந்திக்கடை மாடியில் ஓர் அறை

தேங்காய்ப்பட்டணத்தில் முகம்மது ஹனீபா என்று சொன்னால் முதலில் பள்ளிவாசலின் முன்வரிசை ஞாபகத்துக்கு வரும். அடுத்து, தேங்காய் மட்டைத் தொண்டு அழுகும் நாற்றம். அவர் கயிறு வியாபாரி. தேங்காய்த் தொண்டை ஆற்றோரம் மாதக்கணக்கில் அழுகப் போட்டு, அடித்து நாராக்கி, வீடுகளில் கொடுத்துக் கயிறாகத் திரித்து வாங்குவார். அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஊரில் இன்றும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் “பாவம் மனுஷன்” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். பாவம் என்று சொல்லிவிட்டால் அவர் செய்ததைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா? நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவருக்கு இறைவன் மேலிருந்த பயத்தை விடக் கொஞ்சம் கூடுதல். அதை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் அவருடைய மூத்த மகள் சுலைகா பீவிக்குக் குளச்சலில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஜலாலுதீன், கருவாடும் கயிறும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வரும் தோணிக்குச் சொந்தக்காரர். குளச்சலில் மாடி வைத்த வீடு. மகன் செய்யது அலி வடசேரிச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தான். இதைவிடப் பெரிய இடம் ஹனீபாவுக்குக் கிடைக்காது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, சுலைகாவின் இடது முழங்கைக்கு மேலே காசளவு வெள்ளையாக ஒரு புள்ளியைத் தாய் ஜமீலா பீவி பார்த்தாள்.

அந்தக் காலத்தில் வெண்புள்ளிக்கும் குஷ்டமென்ற பெருநோய்க்கும் ஊர் வித்தியாசம் பார்க்காது. விஷயம் வெளியே தெரிந்தால் இந்தக் கல்யாணம் நின்றுபோகும். அதோடு முடியாது, சுலைகாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“குழித்துறை வைத்தியர்ட்ட காட்டுவமா?” என்று ஜமீலா கேட்டாள்.

“ஏட்டி, உனக்கு விவரம் இருக்கா? அவரு எண்ணெயைக் காச்சி இறக்குறதுக்கு முன்ன சந்தை முழுக்கத் தெரிஞ்சிரும்.”

பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியிலும் எல்லாம் தெரிந்த முகங்கள். கடைசியில் கொழும்பில் தோல் நோய் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டர் ஒருவரைப் பற்றி யாரோ கப்பல்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. நாகூருக்கு நேர்ச்சைக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, அழுகி முடியாத தொண்டை அப்படியே பாதி விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துப் பணம் புரட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பல் ஏறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். நாகூர் என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் உயர்ந்துபோகும். கேட்டவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கப்பலில் அவருக்கு ஒரே யோசனை, எங்கே தங்குவது?

நம் கரையிலிருந்து கொழும்புக்குப் போகிறவனுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. புறக்கோட்டையில் ஊர்க்காரர்களின் கிட்டங்கி இருந்தது. சரக்கு அடுக்கிவைக்கும் அந்தக் கட்டடத்தில்தான் சாக்குமூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுப்பார்கள். காசு வாங்கமாட்டார்கள். சோறும் உண்டு. ஊரிலிருந்து வந்தவன் அங்கே தலைகாட்டாமல் வேறெங்காவது தங்கினால் அது பெரிய அவமரியாதை. ஆனால் அங்கே பெண்பிள்ளையைத் தங்கவைக்க மறைவில்லை. அங்கே இருமினால்கூட அடுத்த தோணியில் அந்தச் செய்தி ஊருக்கு வந்துவிடும். மலையாளத்து மாப்பிளா முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக்கடைகளில் மாடி அறை மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அவர்களும் கிட்டங்கியில்தான் கயிறு வாங்குகிறவர்கள், பேச்சு அங்கே போய்விடும்.

இறங்கிய நாள் பார்த்து அங்கே குதிரைப் பந்தய வாரம். பந்தயத் திடலுக்குப் போக எங்கிருந்தெல்லாமோ வந்த கூட்டம். ரிக்‌ஷாக்காரன் ஒவ்வொரு வாசலாக நிறுத்தினான். ஒரு விடுதியில் அறை இல்லை. இன்னொன்றில் அறை இருந்தது, ஆனால் குளிக்க எல்லோருக்கும் பொதுவாக முற்றத்துக் குழாய்தான். கறுப்புத் துப்பட்டிக்குள் சுலைகா வேர்த்து வடிந்துகொண்டிருந்தாள். மூன்றாவது இடத்தில் அறை சுத்தம், விலையும் பரவாயில்லை. கதவு தாழ்ப்பாள் மட்டும் உடைந்திருந்தது. “இந்த வாரம் ஆசாரியைக் கூப்பிட யாருக்கு நேரம் இருக்கிறது?” என்றார் விடுதிக்காரர்.

கடைசியாகக் கோட்டைப் பக்கம் ஒரு கோவாக்காரர் நடத்தும் ஹோட்டல். கீழே பிராந்திக்கடை. மேலே அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் தனிக் குளியலறை, கனமான கதவு, உள்ளே தாழ்ப்பாள். மற்ற நாளில் கேட்பதைப் போல மூன்று மடங்கு வாடகை கேட்டார்கள். சாராய வாடை மாடிப்படிவரை ஏறி வந்தது. பள்ளிவாசல் முன்வரிசைக்காரர் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வாப்பா, இது வேண்டாம், போயிருவோம்” என்றாள் சுலைகா.

“வாடையத்தான் மக்கா நான் பாத்தேன். நம்ம ஆளு ஒருத்தன் இந்தப் படியில காலு வைப்பானா? இதைவிட மறைவான எடம் கொழும்புல கெடையாது.”

அவர் கணக்கு அதுதான். விலையையும் பாவத்தையும் சேர்த்து ஒரு பக்கம் வைத்தார், மகளுடைய மானத்தை மறுபக்கம் வைத்தார். அறையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் சுலைகாவின் கையைப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். சுலைகா “ஆ” என்று கையை இழுத்துக்கொண்டதும் சிரித்தார். பெருநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் வராது, ஆனால் முழுக்க மாறும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார். பூசிக்கொள்ள ஒரு கண்ணாடிச் சிமிழில் மருந்து கொடுத்தார்கள். திரும்பும் வழியில் சுலைகாவுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்துவிட்டது. ரிக்‌ஷாவிலிருந்து துப்பட்டிக்குள்ளாகவே கடலையும் கப்பல்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஹனீபாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மாறாது என்றால் மறைக்கத்தான் வேண்டும் என்பது அவர் காதில் விழுந்த ஒரே செய்தி.

அன்று மாலை மக்ரிப் நேரம். எங்கள் ஊரில் கிழக்கு மேற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், கடல் காட்டிக்கொடுக்கும். அந்த அறையின் ஒரே ஜன்னல் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்துத் திறந்தது. அதுவரை உத்தேசமாகத் திசை வைத்துத் தொழுத ஹனீபா, வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த சிங்களக் கிழவரிடம் மேற்கு எது என்று கேட்டார். கிழவர் விளக்குமாற்றாலேயே காட்டினார்.

“ஏழாம் நம்பர் மாத்தயாவும் வந்த அன்று இதைத்தான் கேட்டார்” என்றார், தெரிந்த தமிழில். மாத்தயா என்றால் ஐயா.

அப்படியானால் இங்கே இன்னொரு முஸ்லிம் இருக்கிறார். பம்பாய்க்காரரோ ஜாவாக்காரரோ, யாரோ. அந்த இடத்தில் ஹனீபா சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஒருவர் தனியாகத் தொழுவதைவிட இருவர் சேர்ந்து தொழுவது மேல் என்று பழகிய உடம்பு. போதாததற்கு, பிராந்திக்கடைக்கு மேலே படுத்து எழுந்த உறுத்தல் வேறு. ஒரு ஜமாஅத்தாகத் தொழுதால் அது கொஞ்சம் கழுவும் என்று தோன்றியது. ஊர்க்காரன் இங்கே வரமாட்டான் என்ற தன் கணக்கை நம்பி, போய் ஏழாம் நம்பர் கதவைத் தட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். தொழுகைக்கு நேரமாச்சு, சேர்ந்து தொழலாமா?”

“வ அலைக்கும் ஸலாம்” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தவர் ஜலாலுதீன்.

தோணி பழுது பார்க்கத் தூத்துக்குடியில் இருப்பதாகக் குளச்சலில் சொல்லிவிட்டு வந்திருந்த ஜலாலுதீன். அவருக்குப் பின்னால் கட்டில் முழுக்கக் குதிரைப் படம் போட்ட பந்தயக் காகிதங்கள், பென்சிலால் சுழித்தவை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஸலாம் சொல்லியாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது, இனி யாரோ மாதிரிப் போக முடியாது.

“உங்க ரூமுல தொழுவோம் சம்மந்தி” என்றார் ஜலாலுதீன், தன் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு.

ஹனீபாவின் அறையில், கட்டிலுக்குக் குறுக்கே கட்டிய சேலைக்குப் பின்னால் சுலைகா இருந்தாள். ஜன்னல் கட்டையில் மருந்துச் சிமிழ். கொழும்போடு பழகிய ஜலாலுதீன் அதில் ஒட்டியிருந்த தோல் டாக்டரின் பெயரைப் படிக்கத் தெரிந்தவர். தொழுது முடித்து ஸலாம் கொடுத்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“நீங்க ஏதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். நான் ஏதுக்கு வந்தேன்னு நீங்களும் கேக்காண்டாம்.”

ஹனீபா தொழுகைப் பாயைச் சுருட்டினார். ஜலாலுதீனால்தான் தாங்க முடியவில்லை. “தோணி பந்தயத்துல போச்சு சம்மந்தி” என்றார். “இந்த வாரத்துல பிடிச்சிருவேன். வீட்டுல கை வச்சதில்ல, அல்லா மேல ஆணை. பையனுக்குத் தெரியாது.”

அவர் போன பிறகு சுலைகா சேலையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“வாப்பா, இது நமக்கு வேண்டாம். ஊருக்குப் போனதும் அவருக்க மகன்ட்ட சொல்லீருங்க. எனக்க கையைப் பத்தியும் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க.”

“சொன்னா உன்ன யாரு மக்கா கெட்டுவா?”

“கெட்டாட்டாப் போட்டு.”

“உனக்க தங்கச்சிமாரு?”

அந்த இடத்தைத் தொட்டால் அவள் அடங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் தொட்டார். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று யாரிடமும், கட்டினவனிடமும்கூட, வாய் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே கொடுத்தாள். அவரும் அழுதார். அதை நான் மறைக்கவில்லை. மகள் மேல் அவருக்கு உயிர். அந்த உயிரை வைத்துத்தான் அவள் வாயை அடைத்தார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இரண்டு சம்மந்திகளும் ஒரே தட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டார்கள், அப்படி ஓர் ஒற்றுமையை ஊர் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கயிறு அடுத்தவர் கழுத்தில் கிடந்தது யாருக்குத் தெரியும்? பெருநாளுக்குப் போனாலும் வந்தாலும் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

கொஞ்ச காலம் போனது. ஜலாலுதீன் மறுபடியும் கொழும்புக்குப் போனார், மறுபடியும் போனார். ஒருநாள் கடனுக்கு ஜப்தி செய்யக் கோர்ட்டு ஆட்கள் குளச்சலில் அந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்ற சேதி கேட்டு ஹனீபா ஓடினார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாராம்.

வீட்டு முன்னால் பட்டப்பகலில் அண்டா, பெட்டி, தொட்டில் எல்லாம் தெருவில் கிடந்தன. ஜலாலுதீனை அங்கே காணவில்லை. சுலைகா கைப்பிள்ளையோடு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். செய்யது அலி கடையிலிருந்து அப்படியே வந்திருந்தான், கையில் கருவாட்டுச் செதில் ஒட்டியிருந்தது. ஹனீபா அவனைப் பார்த்ததும், கேட்காத கேள்விக்குப் பதில்போல, “கொழும்புலேயே எனக்குத் தெரியும் மருமவனே, நாந்தான் சொல்லல” என்றார். இத்தனை காலம் அடக்கி வைத்தது தெருவில் அத்தனை பேர் முன்னால் வெளியே வந்துவிட்டது. மகளுடைய கையைப் பற்றியும் சொன்னார்.

செய்யது அலி சத்தம் போடவில்லை.

“கையை அவ கெட்டின அன்னைக்கே, வாய் திறந்து ஒண்ணும் சொல்லாம, காட்டினா மாமா. இதுக்கு என்ன, வெயில்ல மட்டும் போவாண்டாம், எரியும்னு சொன்னேன். பொறவு நாங்க அதைப் பேசினதேயில்ல.” அவன் தெருவில் கிடந்த சாமான்களைப் பார்த்தான். “வாப்பாவப் பத்தி மட்டும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அன்னைக்கு ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா வீட்டை எனக்க பேருக்கு எழுதி வாங்கியிருப்பேன். அப்ப வீடு இருந்தது மாமா.”

ஹனீபா மகள் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு நல்லவன்ட்ட நீயாவது சொல்லியிருக்கப்படாதா மக்கா?”

சுலைகா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

“சத்தியம் வாங்கினது நீங்கதானே வாப்பா.”