அல்போன்சா விழுந்த இடம்

மர்பி டவுனில் என் பக்கத்து வீட்டுக்காரி அல்போன்சா. ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷம் ஊரார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். அவள் எங்கே விழுந்தாள் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருப்பது பொய். இன்சூரன்ஸ் கம்பெனிக் காகிதத்தில் இருப்பதும் பொய். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி நாலே வருஷத்தில் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். அப்புறம் வீடு மாற்றி வீடு, மொத்தம் ஒன்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் பல் முளைத்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெற்றவர்கள் பெயரைத்தான் மறந்துவிடுவாள்.

கடைசியாகப் போனது அடுகோடியில் ஒரு அபார்ட்மெண்ட். தாரணி, ஹரிஷ்குமார் இருவருக்கும் ஐ.டி. வேலை. மகள் இளவேனிலுக்கு அப்போது ஐந்து மாதம். இவளைச் சேர்க்கும்போது ஆதார் வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் வரைக்கும் செய்தார்கள். அவர்களுக்கு வேண்டிய பாதுகாப்பு அத்தனையும் ஆயிற்று. இவளுக்கு? நான் வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்தவள், சும்மா இருப்பேனா?

"நாளைக்கு அங்க விழுந்து கிழுந்து வெச்சா யாருடி பாக்குறது? ஒரு அக்ரிமெண்ட் கேளு, நானே அடிச்சுத் தரேன்" என்றேன்.

"பிள்ளைய கொஞ்சறதுக்கு அக்ரிமெண்டா? உனக்குக் கோர்ட்டு புத்தி போகவே போகாதா மௌரீனு?" என்று சிரித்தாள்.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு காலை. அடுகோடி வீட்டில் பால்கனி வழியாக மழைத்தண்ணீர் ஹாலுக்குள் வந்திருந்தது. கால் வழுக்கியது. கையில் ஒன்றரை வயது இளவேனில். ஒரு கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருப்பாள். ஊன்றவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடியே விழுந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

பார்த்துக்கொண்டிருந்த தாரணி உடனே காரில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ஆன்ட்டி, வேலை செய்ற இடத்துல விழுந்தேன்னு சொன்னா போலீஸ், கேஸுன்னு போயிடும். உங்க வீட்டுல விழுந்ததா சொல்லிடுங்க, ப்ளீஸ்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சொன்னாள். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது, ஆனால் எலும்பு சேரவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் பழையபடி நடக்கலாம், இல்லையென்றால் கடைசிவரை வாக்கர்தான் என்றார்கள். அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது ஹரிஷ்குமார் ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, வீடு வாங்கும்போது எடுத்த இன்சூரன்ஸ்ல, வேலை பாக்குறவங்க அங்க அடிபட்டாலும் கவர் ஆகுதாம்! எனக்கே இப்பத்தான் தெரியும்."

அடப்பாவிகளா! கையெழுத்துப் போட்ட பாலிசியை ஒருநாளாவது படித்திருக்கக் கூடாதா? பணம் கேட்டு எழுதிப்போட்டால், ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரன் கேட்டான், சொந்த வீட்டில் விழுந்தவளுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று. விசாரிக்க ராஜேந்திரன் என்று ஒருவரை அனுப்பினான்.

அவர் அல்போன்சா வீட்டுக்கு வந்த அன்று தாரணியும் இளவேனிலோடு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவதாக முதல் நாளே போனில் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இளவேனில் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறி அல்போன்சாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"ஆஸ்பத்திரியில ஒண்ணு சொல்லியிருக்கீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. அன்னைக்குப் பொய் சொல்லச் சொன்னது யாரும்மா?" என்றார் ராஜேந்திரன்.

அல்போன்சா இளவேனிலின் தலையைக் கோதினாள். அவர் தாரணி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பாத்தீங்களா?"

தாரணி எழுந்து போய்ப் பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அல்போன்சா அதைப் பார்த்தாள்.

"மேடம் அப்ப குளிச்சிட்டு இருந்தாங்க சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவசரமாக ஆரம்பித்தவள், அடுத்த மூச்சில் மாற்றிச் சொன்னாள், "நான் என் வீட்லதான் விழுந்தேன். எழுதிக்குங்க."

"அடியே!" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தாரணி தேம்பித் தேம்பி அழுதாள். அழட்டுமே, யாருக்கு என்ன பிரயோஜனம்?

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "உன் காலை நீயே ஒடிச்சிக்கிட்டியேடி, பாவி!"

"நான் வாயத் தொறந்தா பிள்ளைய கண்ணுலயே காட்டமாட்டாங்க மௌரீனு. கால் போனா போவுது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்னு தாரணி சொல்லியிருக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. ஆறு மாதம் ஆகிறது. நான் கூப்பிட்டால் தாரணி போனை எடுப்பதில்லை. அங்கே வேறு ஆயா வந்துவிட்டாளாம். இளவேனில் இப்போது அவளைத்தான் ஆயா என்று கூப்பிடுகிறதாம். அதை மட்டும் அல்போன்சாவிடம் நான் சொல்லவில்லை.