குளிப்பாட்டும் வரை அழக் கூடாது

சபீனா கின்னேன் கல்நெஞ்சுக்காரி என்று ஹோபார்ட் நகரமே சொன்னது. பெற்ற பிள்ளை செத்த சேதியைக் கேட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளாம். தண்டனைக் காலம் முடிந்து, துறைமுகத்துப் பக்கம் துணி வெளுத்துப் பிழைத்து, தலை நரைத்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. இருந்தவர்களுக்கும் விஷயம் பாதிதான் தெரியும்.

அயர்லாந்தில் கிளேர் பக்கத்துக்காரி அவள். புருஷன் விஷக் காய்ச்சலில் போனான். வயிற்றில் பிள்ளை, வீட்டில் ஒரு உருளைக்கிழங்குகூட இல்லை. பண்ணையாரின் ஆட்டைப் பிடித்து அறுத்துத் தின்றாள். நீதிமன்றத்தில் கேட்டபோது, "தின்னேன், பசிச்சுது" என்று ஒப்புக்கொண்டாள். ஏழு வருஷம், கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் தண்டனை கிடைத்தது. கப்பலிலேயே ஈட்டா பிறந்தாள். தாயும் மகளும் உயிரோடு ஹோபார்ட்டில் இறங்கியது கப்பல் வைத்தியருக்கே ஆச்சரியம்.

அங்கே பெண் கைதிகளின் சிறை, மலைக்கு அடியில் ஈரம் காயாத ஒரு பள்ளத்தில் இருந்தது. எந்த மகராசன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தானோ, அவன் வெயிலையே பார்க்காதவனாக இருக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அங்கே ஒரே அறை. அதற்குள் போன குழந்தைகளில் நடந்து வெளியே வந்தவை குறைவு. இது அதிகாரிகளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஊரில் யாருக்காவது பால் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் அந்த அறை வாசலுக்கு வண்டி வரும்.

வியாபாரி தோர்ன்பியின் மனைவி அப்படித்தான் வந்தாள். சபீனாவின் பல்லைப் பார்த்தாள், கையைக் கிள்ளிப் பார்த்தாள், மாடு பிடிக்கிறவள் மாதிரி சுற்றி வந்தாள்.

"இவளே போதும். குழந்தைய மட்டும் இங்கயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

"அம்மா, எம் பொண்ணு இன்னும் பால் மறக்கலியே," என்றாள் சபீனா.

"என் எட்வின் பால் மறக்கட்டும், அவளையும் நம்ம வீட்டுக்கே கொண்டு வந்துடலாம். நான் சொன்னா சொன்னதுதான்."

சபீனா அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஈட்டாவை ஜூடித் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஜூடித்தும் கிளேர்க்காரிதான். டெனிஸ் என்ற தன் கைப்பிள்ளையோடு குழந்தைகள் அறையில் ஆயா வேலை பார்த்தாள்.

தோர்ன்பி வீட்டில் சபீனாவுக்கு வெள்ளை ரொட்டி, ஆட்டுக்கறி, நல்ல கம்பளி. பால் ஊற வேண்டுமல்லவா. எட்வின் தளதளவென்று வளர்ந்தான். மகளைப் பார்த்துவர அனுமதி கேட்ட ஒவ்வொரு ஞாயிறும் எஜமானிக்கு ஒரு காரணம் கிடைத்தது. மழை, விருந்தாளி, எட்வினுக்குப் பல் முளைக்கிறது. ஈட்டாவைப் பற்றிய சேதியெல்லாம் டோபின் கொண்டு வந்ததுதான். சிறையில் வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொடுக்கிற வண்டிக்காரன் அவன். பழைய கைதி, வாயாடி.

"உம் மவளா? ஜூடித்த ஒரு பாடு படுத்துறாளாம். அப்படியே உன்ன மாதிரி," என்றான் முதலில். அப்புறம், "லேசா இருமுறாளாம், ஒண்ணுமில்ல," என்றான். அதற்கடுத்த முறை, "நல்லாருக்கா" என்று துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சபீனா நேரே உள்ளே ஓடினாள். எஜமானியின் காலில் விழுந்து கேட்டாள். "குழந்தைன்னா இருமாதா?" என்று எஜமானி எட்வினை அவள் மடியில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் டோபின் வந்தான். வண்டியிலிருந்து இறங்கவே அவனுக்கு நேரமாயிற்று. சமையலறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"விடிகாலைல போயிட்டா, சபீனா. நாளைக்கு மத்தியானம் பெட்டிய எடுத்துடுவாங்களாம்."

சபீனா அழவில்லை.

அவள் ஊரில் அது ஒரு கட்டுப்பாடு. உயிர் போனதும் வாய்விட்டு அழக் கூடாது. உடம்பைக் குளிப்பாட்டி, கையைச் சேர்த்துக் கட்டி, முறையாகக் கிடத்தின பிறகுதான் ஒப்பாரி. அதற்கு முன்னால் அழுகைச் சத்தம் கேட்டால் பிசாசின் நாய்கள் எழுந்துவிடும். புறப்பட்டுப் போகிற உயிரை வழியிலேயே மடக்கிவிடும். வளர்ந்த மனுஷரின் உயிரென்றால் ஓடித் தப்பிக்கும். ஈட்டா நடக்கக்கூடப் பழகாதவள்.

"குளிப்பாட்டினாங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

எஜமானியிடம் போனாள். "அம்மா, எம் பொண்ணு போயிட்டா. ஒரு மணி நேரம் விடுங்க. குளிப்பாட்டிட்டு ஓடி வந்துடுறேன்."

எஜமானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. பயந்தவள். "போனா அழுவே. துக்கத்துல பால் திரிஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீ அழாம இருக்கே பாரு, அதான் சமத்து. எட்வின எடுத்துக்கோ, பசியில இருக்கான்."

சபீனா ரவிக்கைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டாள். "பால் கிடையாது."

"என்னது?"

"கிடையாது. போலீச வேணா கூப்பிடுங்க."

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. சொன்ன பேச்சு கேட்காத கைதியை அன்றைக்கே சிறைக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஈட்டா கிடப்பதும் அதே சிறையில்தான். எட்வின் தொட்டிலில் வீறிட்டான். அவளுக்குப் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. அசையாமல் நின்றாள். பச்சைக் குழந்தையைப் பட்டினி போடுவது பாவம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றாள்.

நீதிபதியின் முன்னால் எஜமானி சொன்னாள்: "பெத்த பொண்ணு செத்துப்போச்சு, இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. கண்ணு அப்படியே வறண்டு கிடக்கு. என் பிள்ளைய இவகிட்டயா விட்டு வெச்சேன்னு நெனச்சா பயமா இருக்கு."

"ஏன் அழலே?" என்று நீதிபதி கேட்டார்.

அந்த நாய்களின் பேரைச் சொன்னாலே அவை காதைத் தீட்டிக்கொள்ளுமாம். சபீனா வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் அதே சிறையின் குற்றப் பிரிவில் கடும் வேலை என்று தீர்ப்பானது. அதைக் கேட்டு அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தவர்கள்தான் கல்நெஞ்சுக்காரி என்ற பேரை ஊருக்குள் கொண்டுபோனவர்கள்.

சிறைக்குள் போனதும் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். சபீனா குழந்தைகள் அறைப் பக்கம் திரும்பினாள். பெண் கைதிகளை மேய்க்கிற மேட்ரன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போறே? குற்றப் பிரிவுக்காரிக்கு அந்தப் பக்கம் வாசலே கிடையாது."

"எம் பொண்ணு உள்ள கிடக்கா. குளிப்பாட்டணும்."

"பேசக் கூடாதுன்னு விதி. மறந்துட்டியா?"

கணக்குத் தப்பிப்போயிற்று. அவளுக்கும் ஈட்டாவுக்கும் நடுவில் இப்போது ஊர் இல்லை, தெரு இல்லை, ஒரே ஒரு சுவர். அன்றைய பொழுது அந்தச் சுவரைப் பார்த்தே போயிற்று.

மறுநாள் காலையில் சலவைத் தொட்டிகளின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்று, வாய் பேசாமல் துணி கசக்கினார்கள். குழந்தைகள் அறையின் அழுக்குத் துணிகளைக் கூடையில் சுமந்துகொண்டு ஜூடித் வந்தாள். கூடையை இறக்குகிற சாக்கில் சபீனாவின் பக்கம் குனிந்தாள்.

"குளிப்பாட்டிட்டேன்டி," என்று கிசுகிசுத்தாள். "மேட்ரன் டீக்கு வெச்ச வெந்நீரத் திருடி. எந் தொப்பியக் கிழிச்சுக் கையக் கட்டினேன். முறையாக் கிடத்தியாச்சு. யாரும் அழல. நீ வருவேன்னு இருந்தோம்."

சபீனா ஈரத் துணியைக் கீழே போட்டாள். வாயைத் திறந்தாள்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த முற்றம் அதுவரை கேட்டதில்லை. ஈட்டாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கப்பலில் பிறந்ததைச் சொன்னாள். மகளுக்கென்று ஊறிய பாலை எவனோ குடித்ததைச் சொன்னாள். ஒப்பாரியின் முதல் அடிக்கு ஜூடித் மட்டும் பதில் குரல் கொடுத்தாள். அடுத்த அடிக்கு முற்றத்தில் இருந்த அயர்லாந்துக்காரிகள் அத்தனை பேரும் கொடுத்தார்கள். அவரவர் வீட்டில் அழ முடியாமல் போன சாவெல்லாம் அதில் இருந்தது. இங்கிலீஷ்காரிகள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். மேட்ரன் கலவரம் என்று நினைத்து மணி அடித்தாள்.

காவலர்கள் சபீனாவை இழுத்துக்கொண்டு போகையில் சிறை வாசலில் தோர்ன்பி வீட்டு வண்டி நின்றது. எட்வினுக்கு வேறு ஆள் வேண்டுமாம். கண்காணிப்பாளர் முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார். நனைந்த ரவிக்கையோடு நின்ற ஜூடித்தைக் கை காட்டினார்.

"ஐயா, எம் பையன்!" என்று ஜூடித் அலறினாள். "எம் பையன யாரு பாத்துக்குவா? அடியே சபீனா, எம் பையன்டி!"

சபீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்வினைப் பட்டினி போட்டது அவள்தானே. அந்த வண்டியை வரவழைத்ததும் அவள்தானே.

அவளைப் போட்டு அடைத்த தனிக் கொட்டடி, குழந்தைகள் அறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. டெனிஸ் தாயைத் தேடி அழுவது நன்றாகக் கேட்டது. அவன் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் பால் பெருகியது. கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"அவன இங்க கொண்டாங்க! எங்கிட்டப் பால் இருக்கு! எம் பாலு வீணாப் போவுதே!"

யாரும் கதவைத் திறக்கவில்லை. ஈட்டாவின் பெட்டியை எடுத்துப்போகிற காலடிச் சத்தம் மத்தியானம் வெளியே கேட்டு அடங்கியது. அவள் மகளுக்காக அழுதாள், அழுகைக்கு நடுவே கதவைத் தட்டினாள். தட்டுவதும் அழுவதுமாக அந்த நாள் போய், அடுத்த நாளும் போயிற்று. டெனிஸின் குரல் முதலில் கம்மியது. அப்புறம் விட்டு விட்டு வந்தது. இருமல் கேட்டது. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அதுவும் நின்றுபோயிற்று.

சபீனா சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். தூங்கிவிட்டானா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. தொண்டை வரை வந்துவிட்ட அழுகையை விழுங்கினாள். இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.