இரண்டு சாவிப் பூட்டு

அன்று மோட்டார் அறை முன்னால் நின்றது மூன்றே பேர்: பூட்டுக்கடை சவரிமுத்து அண்ணன், மேலத்தெரு பேச்சியம்மாள், கீழத்தெரு சார்பில் நான்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் என்று திண்டுக்கல்லுக்கு ஆயுள் முழுக்கச் செய்தவர் அண்ணன். தண்ணீருக்குத் தவித்த எங்கள் இரண்டு தெருவுக்கும் தன் செலவில் போர்வெல் போட்டுக் கொடுத்தார். ஆனால் மோட்டார் அறைச் சாவி எந்தத் தெருவிடம் இருந்ததோ, அந்தத் தெருவே தண்ணீரை இறைத்துக்கொண்டது. மற்றத் தெரு பூட்டை உடைத்தது. கடைசியில் ஒருவர் மண்டையும் உடைந்தது.

அண்ணன் புதுப் பூட்டு ஒன்றைத் தானே செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டு சாவியும் போட்டால்தான் அது திறக்கும். ஒன்றைப் பேச்சியம்மாளிடமும் மற்றதை என்னிடமும் கொடுத்தார்.

"பூட்டு எம்புட்டுண்ணே?" என்றேன்.

"முந்நூத்தம்பது. அடுத்த சண்டை அன்னைக்கு வாங்கிக்கிறேன் அப்பு."

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், எதற்கும் பயம். அந்தம்மா வராவிட்டால் கீழத்தெரு காயுமே என்று இரவெல்லாம் புரண்டேன். விடியுமுன் ஓடினால், பேச்சியம்மாள் எனக்கு முன்பே மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ வாரியோ மாட்டியோன்னு எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. சாவியப் போடுய்யா."

என் பயம்தான் அவருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பூட்டுத் திறந்தது. இரண்டு தெருவிலும் குடங்கள் நிறைந்தன.

வருஷங்கள் ஓடிவிட்டன. சவரிமுத்து அண்ணனுக்கு அந்த முந்நூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.